பதினாலு ரிப்ளை கார்டும் ஒரு பம்பும்

மனிதர்களில் விசாரித்து வாங்குகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருந்திருக்க வழியில்லை. கடையில் உங்களுக்கு முன்னால், கல்லாவை மறித்துக்கொண்டு, ஒரு தாழ்ப்பாளையோ தைலப் புட்டியையோ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, பின்னால் நின்ற நீங்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி, மறுபடி முதல் காலுக்கே வந்து சேர்ந்தீர்களே, அவர்தான்.

அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. அது வேறு ரகம். கஞ்சருக்குக் கையிலிருந்து பணம் போகக் கூடாது. இவருக்கு வீட்டுக்குள் பொருள் வரக் கூடாது. வந்துவிட்டால் விசாரணை முடிந்துபோகுமே! விசாரணைதான் அவருக்குச் சாப்பாடு. பொருள் என்பது சாப்பிட்ட பிறகு கழுவவேண்டிய தட்டு.

கடைக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி: "இதைவிட நல்லது இருக்கா?" இருக்கிறது என்று ஒன்றை எடுத்து வைத்தால், "அப்போ இதை எதுக்கு முதல்ல காட்டினீங்க?" என்பார். இல்லை என்றால், "வேற எந்தக் கடையில இருக்கும்?" என்பார். கடைக்காரர் களைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு, இவர் வெறுங்கையோடு, ஆனால் போரில் ஜெயித்தவரைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்புவார். "நல்லவேளை, வாங்கலை" என்பார். வாங்காத பொருளைப் பற்றி இவ்வளவு பெருமைப்படுகிற ஜீவனை வேறெங்கே காண முடியும்?

கிழக்குத் தாம்பரத்தில் காண முடியும். அங்கே, ரயில் பாதையிலிருந்து நாலு தெரு தள்ளி, வேப்பமரம் வைத்த வீட்டில் இந்த ரகத்தின் அசல் மாதிரி ஒருவர் அறுபதுகளின் கடைசியில் குடியிருந்தார். பெயர் அசரியா. ரயில்வே ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று கொட்டேஷன் வராமல் ரயில்வே ஒரு துடைப்பம்கூட வாங்காது, அசரியாவும் வாங்கமாட்டார். ரயில்வேக்காவது அது சட்டம். இவருக்கு அது விசுவாசம்.

ஒரு குடை வாங்குவதற்காக இரண்டு மழைக்காலம் நனைந்துகொண்டே விசாரித்தார். நனைந்த தலையோடு, குடை வைத்திருப்பவர்களை நடுத்தெருவில் நிறுத்தி, "கம்பி எப்படி, துரு ஏறுதா?" என்று கேட்டார். பிரஷர் குக்கர் என்று ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, அதை வைத்திருந்த மூன்று வீடுகளுக்குச் சமையல் நேரத்தில் போய், முன்னறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து விசில் சத்தத்தை ஒப்பிட்டார். சுவர்க்கடிகாரம் விசாரித்து முடிவதற்குள், அதை மாட்ட அடித்த ஆணி துருப்பிடித்து விழுந்தது.

அப்படியென்றால் அந்த வீட்டில் குடை இல்லையா, குக்கர் இல்லையா, கடிகாரம் இல்லையா?

எல்லாம் இருந்தது. அது அவருடைய மனைவி ஞானஜோதியின் கைங்கரியம். கல்யாணமான இரண்டாம் வருஷமே அந்த அம்மாள் இவரை விசாரிக்காமலே புரிந்துகொண்டார். இவர் பாட்டுக்கு விசாரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு நாள் ரயிலேறி மாம்பலம் போய், முதல் கடையில் முதலில் காட்டியதை வாங்கி வந்து மேசைமேல் வைப்பார்.

"இது ஏது?" என்பார் அசரியா.

"வேலூர்லேர்ந்து எங்க அக்கா குடுத்தனுப்பினா."

அவ்வளவுதான். வாங்கியதைத்தான் விசாரிக்க வேண்டும். வந்ததை விசாரிப்பது மரியாதையில்லை. குடை வந்தது. குக்கர் வந்தது. கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, கட்டிலுக்குக் கொசுவலை, எல்லாம் வேலூரிலிருந்தே வந்தன. "உங்க அக்காவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிடறேன்" என்று இவர் பேனாவை எடுத்தால், "ஐயோ, நன்றி சொன்னா அக்காவுக்குப் பிடிக்காது. கோவிச்சுக்குவா" என்று அந்த அம்மாள் பேனாவை வாங்கி மூடி வைத்துவிடுவார். வேலூரிலிருந்த ஞானசௌந்தரி அக்கா அசலில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக்கூட யாருக்கும் சும்மா கொடுக்காதவர். அது இந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் ஞானஜோதி. இன்னொருத்தி, பத்து வயதிலிருந்து அம்மாவோடு மாம்பலம் போய்ப் பையைத் தூக்கி வந்த மகள் ஹில்டா.

இந்தக் கதைக்கு முந்தின டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஞானஜோதி அம்மாள் காலமானார். அதோடு வேலூரிலிருந்து பொருள் வருவதும் நின்றுபோனது.

ஏப்ரலில் ஹில்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்வீட்டுக்குத்தான் பிரசவத்துக்கு வரவேண்டும், வந்தாள். தாய் இல்லாத தாய்வீட்டில் தகப்பனார் இருந்தார். அவர் தொட்டில் விசாரித்துக்கொண்டிருந்தார். கருவுற்ற செய்தி கேட்ட நாளிலிருந்து விசாரிக்கிறார். குழந்தை இரண்டு மாதமாகப் புடவைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் தொட்டில் வந்து சேரும்போது குழந்தை அதைத் தானே தூக்கி உள்ளே வைக்கும் என்றாள் வீட்டு வேலைக்கு வரும் செல்வமேரி. குழந்தையின் பெயர்கூட விசாரணையில்தான் இருந்தது. அதுவரை அதற்குப் "பாப்பா."

இனி விஷயத்துக்கு வருவோம். ஹில்டா குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த ஜூனில் ஆகவேண்டும். "பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை காலையில நீ வந்து கையெழுத்துப் போடணும் ஹில்டா. வரலைன்னா அந்த இடத்துக்கு வேற பொண்ணு தயாரா இருக்கா. நான் தடுக்க முடியாது" என்று தலைமையாசிரியை தெளிவாகச் சொல்லியிருந்தார். புட்டிப்பால் கொடுத்துப் பழக்கலாம் என்றால், டின் பாலைக் கண்டாலே பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டது. மீறிப் பாலாடைக் கிண்ணியால் உள்ளே தள்ளினால் அத்தனையையும் சேர்த்து வைத்து, தாத்தா தூக்கும்போது அவருடைய வெள்ளைச் சட்டையில் துப்பியது. டாக்டரம்மா சிரித்துவிட்டு ஒரு வழி சொன்னார்: "பால் எடுக்கிற பம்புன்னு ஒண்ணு விக்குது. கண்ணாடியில, ரப்பர் பந்து வெச்சு. காலையில எடுத்து மூடி வெச்சுட்டுப் போ. வீட்டுல இருக்கிறவங்க குடுக்கட்டும்."

நல்ல வழி. ஆனால் ஹில்டா ஒரு தவறு செய்தாள். அதை அப்பா காதுபடச் சொன்னாள்.

திங்கட்கிழமைக்குப் பதினொரு நாள் இருந்தது. காலைச் சாப்பாட்டு வேளை. அசரியா இட்லியைக் கையில் வைத்தபடி சிவந்துபோனார். மகளிடம் காது கொடுத்துக் கேட்கக்கூடிய விஷயமா இது? கண்ணைச் சுவரில் கடிகாரத்தின்மேல் நட்டுக்கொண்டார். ஆனால் அந்தக் கண்ணுக்குள் ஆறு மாதமாக அணைந்து கிடந்த ஏதோ ஒன்று மெல்லப் பற்றிக்கொள்வதை ஹில்டா பார்த்தாள்.

"பொறும்மா" என்றார் அசரியா. "விசாரிக்கலாம்."

"அப்பா, அதெல்லாம் விசாரிக்க ஒண்ணுமில்லப்பா. ஒரு பந்து, ஒரு கண்ணாடி..."

"பந்து எந்த ரப்பர்? கண்ணாடி எந்தக் கண்ணாடி? அவசரப்பட்டா எப்படி?"

அன்று சாயங்காலமே தபாலாபீஸ் போய்ப் பதினாலு ரிப்ளை கார்டு வாங்கி வந்தார். பதில் எழுதி அனுப்பும் பாதியும் சேர்ந்தே வரும் அந்தக் கார்டில், தன் அழகான ஸ்டோர்ஸ் கையெழுத்தில் இப்படி எழுதினார்: "என் மகளுக்கு, குழந்தை விஷயமாக, கண்ணாடியாலும் ரப்பராலும் ஆன ஒரு கருவி தேவைப்படுகிறது. எந்தக் கருவி என்று தாங்கள் ஊகித்திருப்பீர்கள். அதைப் பற்றித் தங்கள் அனுபவத்தைத் தபால் மூலம் தெரிவிக்கவும்." தெற்கே நாசரேத்திலிருந்து வடக்கே நாக்பூர்வரை போன அந்தப் பதினாலு கார்டும் யார் யாருக்கு? ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். டிராயிங் மாஸ்டர் ஒருவர். ஒரு பாதிரியார். ஒரு கால்நடை டாக்டர். வேலூரில் ஞானசௌந்தரியின் கணவர் ஏசுதாசன். இன்னும் ஒன்பது பேர். பதினாலு பேரும் ஆண்கள். பெண்களிடம் இதை எழுதிக் கேட்பது முறையாகுமா?

பதினாலு பேரில் பால் கொடுத்தவர் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நீங்கள் விசாரணையின் நுட்பம் தெரியாதவர்.

செல்வமேரி கேட்டே விட்டாள். அவள் ஐந்து பெற்று ஐந்தையும் வளர்த்தவள். கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தை நிறுத்தி, "இன்னா சார், ஊருல கீற ஆம்பளைக்கெல்லாம் கார்டு போட்டுகினு கீற. வூட்டுல ஒருத்தி அஞ்சு பெத்தவ நிக்கிறேனே, என்னைக் கேட்டியா?" என்றாள்.

அசரியா சுவரைப் பார்த்துக்கொண்டு, "சீச்சீ, இதெல்லாம் பொம்பளைங்ககிட்ட கேக்கிற விஷயமா?" என்றார்.

"வேற யாராண்ட சார் கேப்பாங்க?"

அசரியா அடுத்த கார்டுக்கு விலாசம் எழுதினார். பதில் இல்லை என்பதற்காக விசாரணைக்காரர் நிற்பாரா?

சனிக்கிழமை, அவருடைய நண்பர் எட்மண்ட் வந்தார். மேற்குத் தாம்பரத்தில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரிந்த மருந்துக்கடையிலிருந்து, பிடித்தால் வாங்குவது, பிடிக்காவிட்டால் திருப்புவது என்ற பேச்சில் மூன்று பம்புகளை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். ஹில்டாவுக்கு மூச்சு வந்தது. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். அசரியா பெட்டிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"டெஸ்ட் முடியட்டும். அதுக்கு முந்தி உபயோகிச்சா அப்புறம் எப்படித் திருப்புறது?"

"எதுக்குப்பா திருப்பணும்?"

இப்படி ஒரு கேள்வியை அவர் வாழ்நாளில் எதிர்பார்த்ததே இல்லை.

டெஸ்ட் முன்னறையில் நடந்தது. முதலில் தண்ணீர். பிறகு, தண்ணீரும் பாலும் ஒன்றல்ல என்பதால், பால். பிறகு, பாலும் பாலும் ஒன்றல்ல என்று எட்மண்ட் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியதால், கஞ்சி. எல்லாவற்றிலும் மூன்று பம்பும் ஒரே மாதிரி இழுத்தன. இது அசரியாவுக்குப் பெரிய ஏமாற்றம். மூன்று பொருளுக்குள் வித்தியாசம் இல்லையென்றால் மனிதன் எதை வைத்து வாழ்வது? "உறிஞ்சும் சக்தியை உடம்பிலே வெச்சுத்தான் பாக்கணும்" என்று முடிவு செய்து, முதல் பம்பின் பந்தை அமுக்கி, கண்ணாடிக் கிண்ணியைத் தன் இடது கன்னத்தில் வைத்து, பந்தை விட்டார். பக்கென்று பிடித்துக்கொண்டது. "சுமார்" என்று எட்மண்டிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். இரண்டாவது பம்பை வலது கன்னத்தில் வைத்தார். "பரவாயில்லை." மூன்றாவதற்குக் கன்னம் காலி இல்லை. நெற்றியில் வைத்தார்.

மூன்றாவது வரவில்லை.

இழுத்தார். தோலும் கூட வந்தது. எட்மண்ட் இழுத்தார். அசரியாவே கூட வந்தார். பந்தை மறுபடி அமுக்கினால் விட்டுவிடும் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இரண்டு பெரியவர்களுக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த செல்வமேரி, நெற்றியில் கண்ணாடியும் அதன் நுனியில் சிவப்புப் பந்தும் ஆடிக்கொண்டிருக்க நின்ற அசரியாவைப் பார்த்து, "ஐயோ ஆண்டவரே, சாருக்குக் கொம்பு மொளைச்சுகினு வருதே!" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஹில்டா வந்தாள். ஒரு விரலால் பந்தை அமுக்கினாள். பம்பு கையில் வந்தது.

"பவர் அதிகம்" என்றார் அசரியா, நெற்றியைத் தடவிக்கொண்டு. "குறிச்சுக்கோ எட்மண்ட்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலுமாக மூன்று வட்டங்கள், சீல் குத்திய தபால்போலச் சிவந்து நிற்க, அசரியா ஆராதனைக்குப் போனார். படர்தாமரைக்கு நல்ல களிம்பு என்று நாலு பேர் சொன்னார்கள். அந்த நாலு களிம்பில் எது மேல் என்று வாசலிலேயே விசாரித்துக்கொண்டு அரைமணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார்.

மூன்று பம்பும் அலமாரிக்குள் பூட்டப்பட்டன. கார்டுகளுக்குப் பதில் வர ஆரம்பித்தது. கார்டு என்பது திறந்த வீடு. தபால்காரர் சாலமோன் தெருமுனையிலிருந்தே படித்துக்கொண்டு வந்து, "சார், நாசரேத்தில கறுப்பு ரப்பர்தான் நல்லதுன்றாங்க" என்று கேட்டில் சேதி சொன்னார். போஸ்ட்மாஸ்டர், தாம்பரத்துச் சீதோஷ்ணத்தை முதலில் கணக்கில் எடுக்கும்படி எழுதியிருந்தார். டிராயிங் மாஸ்டர் கார்டு முழுவதும் பம்பின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து அ, ஆ, இ என்று பாகம் குறித்து, இடம் இல்லாமல் போனதால் கருத்துச் சொல்லவில்லை. பாதிரியார் ஜெபிப்பதாகச் சொன்னார். அதுவரை வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்றார். கால்நடை டாக்டரின் பதில்தான் ஆழமானது: "என் அனுபவம் எருமைகளோடுதான். ஆனாலும் தத்துவம் ஒன்றே. அவள் மிரளாமல் பார்த்துக்கொள்ளவும். பழக்கமில்லாதவர்கள் பின்பக்கமாக நெருங்க வேண்டாம்."

அசரியா ஒவ்வொன்றையும் கோப்பில் சேர்த்தார். ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடாதவர் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டார். ஹில்டா அதைப் பார்த்தாள். அதனாலேயே கத்தவேண்டிய நேரத்திலெல்லாம் கத்தாமல் இருந்தாள். நாள் எட்டாகி, ஆறாகி, நாலானது. அவள் பாலாடையோடு தினமும் மல்லுக்கு நின்றாள். பாப்பா தினமும் ஜெயித்தது. ஒரு மத்தியானம், துப்பிய பாலைத் துடைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பி "அம்மா, இங்க கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவள், பாதியில் வாயை மூடிக்கொண்டு துண்டை எடுக்கத் தானே எழுந்து போனாள்.

நெய்வேலியில் வேலை பார்க்கும் கணவன் ஜெபராஜ் வியாழக்கிழமை வந்தான். "மாமாகிட்ட நீங்க பேசுங்க" என்று அவனை முன்னறைக்குத் தள்ளினாள். அவன் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இல்லை, கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு தெளிவு.

"ஹில்டா, மாமா சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு. ரப்பர்ல மொத்தம் நாலு வகையாம்."

இந்த நோய் தொற்றும் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. முதல் பம்பு பலம் போதாது. மூன்றாவது பலம் அதிகம். இரண்டாவது?

"இரண்டாவது நல்லாத்தான் இருக்கு" என்றார் அசரியா. "அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

மூன்றும் எட்மண்ட் கையில் கடைக்குத் திரும்பிப் போயின. பம்பாய் கம்பெனி ஒன்றுக்குப் படத்தோடு விலைப்பட்டியல் கேட்டு எழுதியாயிற்று. மூன்று வாரத்தில் வரும்.

"அப்பா, திங்கக்கிழமை பள்ளிக்கூடம்!"

"நல்லவேளைம்மா" என்றார் அசரியா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "வாங்கலை."

சனிக்கிழமை காலை ஹில்டா பாப்பாவுக்குப் பால் கொடுத்து, செல்வமேரியிடம் விட்டு, "பள்ளிக்கூடத்துல டைம்டேபிள் பாத்துட்டு ஒரு மணிக்குள்ள வந்துடறேன்பா" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். குரோம்பேட்டை வந்தது. இறங்கவில்லை. அம்மாவின் பழைய பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாம்பலம்வரை ஜன்னலோரம் சிரித்துக்கொண்டே போனாள். பொய் சொல்லிவிட்டுப் போகும் ரயிலுக்கு என்ன வேகம்!

ஸ்டேஷனை ஒட்டிய மருந்துக்கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். கேட்டாள். எடுத்து வைத்தார். கண்ணாடி, சிவப்புப் பந்து. ஒரு நிமிஷ வேலை. பையைத் திறந்து காசை எடுத்தாள். அப்போது அவளுடைய வாய், அவளைக் கேட்காமலே திறந்தது.

"இதைவிட நல்லது இருக்கா?"

கடைக்காரர் இன்னொன்றை எடுத்து வைத்தார்.

"இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது சிவப்பும்மா. இது கறுப்பு."

"ரப்பர் ஒண்ணா?"

"ஒண்ணுதாம்மா."

"அப்போ எதுக்கு ரெண்டு கலர்?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தைந்து வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. ஹில்டா சிவப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகு கறுப்பை. நாசரேத்தில் கறுப்பு என்றார்களே? ஆனால் தாம்பரத்துச் சீதோஷ்ணம்? அவளுக்குப் பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற ஒருவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பன்னிரண்டு மணி ரயில் போகும் சத்தம் கேட்டது. பந்தை அமுக்கி, கிண்ணியைக் கன்னத்தருகே கொண்டுபோய்விட்டாள். சத்தியமாகக் கொண்டுபோய்விட்டாள்!

அந்த நேரத்தில், ஒன்பது ஸ்டேஷனுக்கு அப்பால் தூளியில் கிடக்கும் ஜீவனுக்குப் பசி நேரம் வந்துவிட்டதென்று அவளுடைய உடம்பு தானாகவே அறிவித்தது. பால் கட்டி நெஞ்சு வலித்து, ரவிக்கை நனைந்தது. ஹில்டா சட்டென்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எது பக்கத்துல இருக்கோ அதைக் குடுங்க" என்றாள்.

சிவப்பு பக்கத்தில் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. தெருமுனைக்கே பாப்பாவின் குரல் கேட்டது. பையை மேசைமேல் வைத்துவிட்டு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, பாப்பாவை நெஞ்சோடு சேர்த்த பிறகுதான் மூச்சுவிட்டாள். அரைமணி கழித்து வெளியே வந்தபோது, அசரியா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து பம்பின் சிவப்புப் பந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது ஏது?" என்றார் அசரியா.

ஹில்டாவுக்குப் பத்து வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாடம் அல்லவா?

"வேலூர்லேர்ந்து பெரியம்மா குடுத்தனுப்பினாங்கப்பா. ஸ்டேஷன்ல ஒருத்தர் வந்து குடுத்துட்டுப் போனார்."

அசரியா மத்தியானத் தபாலில் வந்திருந்த கார்டு ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். பதினாலு கார்டில் பெண் கையெழுத்தில் வந்த ஒரே பதில். ஏசுதாசன் பெரியப்பா புத்திசாலி. கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

"கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி அசரியாவுக்கு, ஞானசௌந்தரி எழுதுவது. நீங்கள் கேட்ட கருவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் எதிர்பார்க்கவும் வேண்டாம். ஜனவரியில் நீங்கள் எழுதிய கடிதத்தில், இத்தனை வருஷமாக நான் அனுப்பிய குக்கர், கடிகாரம், குடை, கொசுவலை எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியிருந்தீர்கள். நான் உங்கள் வீட்டுக்கு ஒரு கரண்டிகூட அனுப்பியதில்லை. துக்கத்தில் உங்களுக்கு மனசு நிதானத்தில் இல்லை என்று நினைத்துப் பதில் எழுதாமல் இருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

ஹில்டா கார்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எதிரே அசரியாவின் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. ஐயோ, அழுகிறாரா? அம்மா அடக்கத்தன்றுகூட அழாத மனுஷர். பயந்துபோய் நிமிர்ந்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு, முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய. இன்னும் முழுசாக மறையாத மூன்று வட்டங்களும் சேர்ந்து சிரித்தன.

"குக்கருமா?"

"ஆமாப்பா."

"கடிகாரம்?"

"நான்தான்பா தூக்கிட்டு வந்தேன். ரயில்ல பூரா டிக் டிக்குன்னு கேட்டுட்டே வந்துச்சு."

"குடைகூடவா?"

"குடையும்தான்பா. மாம்பலத்துல."

"உங்கம்மா எத்தனை கடை பாத்தா?"

"ஒரே கடைப்பா. முதல்ல காட்டினது."

அசரியா எழுந்து போய், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்தார். வீட்டுக்குள் விரிக்கக் கூடாது என்று செல்வமேரி கத்தக் கத்த விரித்தார். பதினோரு வருஷமாகப் பிடித்த குடை. கம்பி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"துருவே ஏறலை" என்றார். சிரிப்பு நின்றிருந்தது. "நல்ல குடை."

கொஞ்ச நேரம் அதன் கீழேயே நின்றார். பிறகு மடக்கி மாட்டிவிட்டு வந்து, பம்பைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கப் போகிறாரா? தூக்கவில்லை. அப்படியே அவள் கையில் வைத்தார்.

"பெரியம்மா அனுப்பினா சரியாத்தான் இருக்கும். செல்வமேரியை வெந்நீர்ல போடச் சொல்லு."

இரண்டடி நடந்தவர் திரும்பினார். முகத்தைக் கடிகாரத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, "அம்மா ஹில்டா" என்றார். "அடுத்த தடவை யாராவது வேலூர்லேர்ந்து வந்தா, பெரியம்மாவை ஒரு தொட்டிலும் குடுத்தனுப்பச் சொல்லு."

திங்கட்கிழமை ஹில்டா முதல் மணிக்கு முன்னால் கையெழுத்துப் போட்டாள். கிழக்குத் தாம்பரத்தில் பத்து மணிக்கு ஒரு தாத்தா, ஹில்டா காலையில் எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் பிடித்துக்கொண்டு, சட்டைக்குமேல் துண்டு, துண்டுக்குமேல் இன்னொரு துண்டு என்று தயாராக உட்கார்ந்தார். பாப்பா ஒரு சொட்டுக்கூடத் துப்பவில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். ஆனால், சிவப்பைவிடக் கறுப்பு நன்றாக இருந்திருக்குமோ என்று நடுவில் ஒரு நிமிஷம் நினைத்தீர்களா? அந்த மாம்பலத்துக் கடை ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றியதா? அப்படியானால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கடிகாரத்தையும் குக்கரையும் ஒரு தடவை பாருங்கள். அவையெல்லாம் எப்படி வந்தன என்று உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? வெளியூரில், நன்றி சொன்னால் கோபித்துக்கொள்கிற, தாராளமான அக்கா ஒருத்தி உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறாரா?

இருந்தால், தயவுசெய்து விசாரிக்காதீர்கள்.